கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் மைலேஜ் கூடாது

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம். "கன்வெர்ட்டர் புகையை அடைக்குது, வெட்டி எடுத்துட்டு நேர்குழாய் போட்டா பெட்ரோல் மிச்சம்" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பி யாரும் காரை வெல்டிங் கடைக்கு ஓட்டிப் போகாதீர்கள்.

காற்றையும் பெட்ரோலையும் எடையில் சுமார் 14.7-க்கு 1 என்று கலக்க வைப்பது ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. அதற்குத் தகவல் தருவது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். கன்வெர்ட்டரை எடுத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. வெல்டிங் சரியில்லாமல் சென்சார் பக்கம் கசிவு வந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆக்சிஜன் அதிகம் என்று நினைத்து ஈசியு கூடுதல் பெட்ரோல் விடும். மைலேஜ் இறங்கத்தான் செய்யும். பின்னால் இன்னொரு சென்சார் இருக்கிற வண்டியில் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 பிழைக் கோடு வந்து செக் எஞ்சின் விளக்கும் எரியும்.

வேகம் பிடிக்காமல் வண்டி திணறினால் அடைப்பு இருக்கலாம், உண்மைதான். முன் சென்சாரைக் கழற்றி அந்த மரையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் குழாயில் எங்கோ அடைப்பு. கன்வெர்ட்டர்தான் என்றால், பெரும்பாலும் அது தானாகக் கெட்டதில்லை. மிஸ்ஃபயர் ஆகி, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போய், அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து உள்ளிருக்கும் செராமிக்கை உருக்கியிருக்கும், அல்லது எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டிருக்கும். முதலில் பிளக், காயில், பிஸ்டன் ரிங் பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் அதுவும் போகும்.

கழற்றிவிட்டால் கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறும். அதற்கு மணமே கிடையாது.