1968: விரலைப் பாருங்கள்

1968-இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது சிவாஜியின் முகத்தை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள். கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கத்துக் கோயில்களில் நாயனம் (நாதஸ்வரம்) கேட்டு வளர்ந்த எவருக்கும் இது சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாயனத்தில் விரலுக்கென்று ஏழு துளை. அதற்குக் கீழே, அணசு என்கிற விரிந்த வாய்ப் பக்கம் இருப்பவை வாசிக்க அல்ல, சுருதியைச் சரிசெய்ய. வேண்டியதை மெழுகு வைத்து அடைத்துக்கொள்வார்கள். கமகம் என்கிற ஸ்வர அசைவு பிறப்பது துளையைப் பாதி மூடுவதிலும், ஊதும் முனையிலுள்ள சீவாளியில் உதடும் மூச்சும் கொடுக்கும் அழுத்தத்திலும்தான். அதனால் நல்ல வாசிப்பில் விரல் உயரத் தூக்காது. சினிமாவில் நாயனம் ஊதுகிற நடிகர்கள் பெரும்பாலும் தப்புவது இங்கேதான். விரலைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள், கன்னத்தை உப்பவைத்துக்கொண்டே இருப்பார்கள், பாட்டு நிற்கிற இடத்தில் மூச்சு எடுக்க மாட்டார்கள். சிவாஜியின் சிக்கல் சண்முகசுந்தரம் மூச்சு எடுக்கிறார். ஒரு பிடி, அதாவது ஒரு ஸ்வரத் தொடர், முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் தோள் இறங்கி ஏறுவதைக் கவனியுங்கள். அதோடு பக்கத்தில் ஏ.வி.எம். ராஜன் இருக்கிறார். இரண்டு நாயனம் சேர்ந்து ஒலிக்கும்போது இரண்டு பேர் கையும் ஒன்றாக நகர வேண்டும். ஒருவர் பிசகினாலும் படச்சுருளில் அது நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். நாயனத்துக்குத் தாய்மண் நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிற டெல்டாக்காரர்கள் இதை மரியாதையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். படத்தில் சிக்கல்காரர் வாயில் ஒலிப்பது மதுரை மூச்சு.

டி.எஸ். பாலையாவின் தவிலுக்கும் இதே அளவு கவனம் தேவை. வலக்கை விரல்களில் கூடு என்கிற உறை மாட்டிய அடி, இடக்கையில் கழி. இரண்டும் வேறு வேறு வேலை. தவிலை மிருதங்கம் மாதிரி இரண்டு பக்கமும் தட்டுகிற நடிகர்களைப் பார்த்திருப்பீர்கள். பாலையா அப்படிச் செய்வதில்லை. தனக்கு வேலை இல்லாத நேரத்தில் நாயனக்காரர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறாரே, தவில்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

இந்த ஒரு படத்துக்காக மட்டும் 1968-ஐக் கொண்டாடச் சொல்லவில்லை. அந்த வருடத்துப் படங்களை எடுத்துவைத்து, யார் எந்த ஊர் என்று பாருங்கள். எதிர்நீச்சல் எடுத்த கே. பாலசந்தர் நன்னிலம் பக்கம். எம்.ஜி.ஆரின் நூறாவது படமான ஒளி விளக்கு வந்தது ஜெமினி ஸ்டுடியோவிலிருந்து, அதன் அதிபர் எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். தில்லானா மோகனாம்பாளைக் கொத்தமங்கலம் சுப்பு தொடர்கதையாக எழுதியதும் வாசனின் ஆனந்த விகடனில்தான். ஜீவனாம்சம் எடுத்து லட்சுமியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பெயரிலேயே ஊர் இருக்கிறது: மல்லியம் ராஜகோபால். தில்லானா மோகனாம்பாளில் ஜில்ஜில் ரமாமணியாக வந்த மனோரமா பிறந்தது மன்னார்குடி. எதிர்நீச்சலுக்கும் ஒளி விளக்குக்கும் பாட்டு எழுதிய வாலி திருவரங்கம். இத்தனை பேரும் கோடம்பாக்கத்தில் உட்கார்ந்து ஒரே வருடத்தில் வேலை செய்திருக்கிறார்கள். வேறு எந்த வருடத்திலும் காவிரித் தண்ணீர் இவ்வளவு தூரம் பாய்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடத்துப் படங்களில் எதிர்நீச்சலை நான் இரண்டாவதாக வைப்பேன். மேடை நாடகத்தைப் படமாக்கும்போது வழக்கமாக என்ன கெடும்? பாத்திரங்கள் வரிசையாக நின்று பேசுவார்கள், கேமரா எதிரில் சும்மா நிற்கும். இங்கே மாடிப்படி காப்பாற்றுகிறது. நாகேஷின் மாது அந்தப் படிக்கட்டின் கீழ் வாழ்கிற அநாதை. மேலும் கீழும் குடியிருப்பவர்கள் ஏவுகிற வேலையைச் செய்து, அவர்கள் போடுவதைச் சாப்பிட்டுப் படிக்கிறான். கூப்பிடுகிற குரல் மேலிருந்து வரும், அவன் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். படம் முழுவதும் அவன் நிலைமையைச் சொல்ல அந்த உயர வித்தியாசமே போதுமானதாக இருக்கிறது. இருமல் தாத்தா என்று ஒரு பாத்திரம், இருமல் சத்தம் மட்டும்தான், ஆள் வரவே மாட்டார். ஒரு முகத்தைக் காட்டாமலே ஒரு வீட்டை நிரப்புவது நாடகக்காரருக்குத்தான் கைவரும். ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும் வரும் ‘அடுத்தாத்து அம்புஜத்தை’ பாட்டை எல்லோரும் தனியாகக் கேட்கிறார்கள். அதை அந்த வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், வி. குமாரின் இசை எவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்கி நிற்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

உயர்ந்த மனிதன் சிவாஜிக்கு 125-வது படம். ‘நாளை இந்த வேளை பார்த்து’ பாட்டுக்காகப் பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதை பி. சுசீலா பெற்றார். அதுவும் வாலி எழுதியதுதான். கலாட்டா கல்யாணம் ஒரு நல்ல சாயங்காலத்துக்கு. பணமா பாசமா எனக்கு ‘எலந்தப் பழம்’ பாட்டோடு சரி.

எம்.ஜி.ஆர். படங்களில் குடியிருந்த கோயிலின் இரட்டை வேடத்தையும், ஒளி விளக்கில் குடித்துவிட்டு நிற்கிறவனை அவனுடைய நான்கு உருவங்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்கும் ‘தைரியமாகச் சொல் நீ மனிதன்தானா’ பாட்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இதற்கு வழக்கமான வழி ஒன்று உண்டு. லென்ஸின் ஒரு பகுதியை மறைத்துப் படம் பிடித்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறைத்த பகுதியைத் திறந்து மறுபடி பிடிக்க வேண்டும். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும், கை எல்லையைத் தாண்டினால் பாதியில் வெட்டுப்படும். இரண்டு உருவத்துக்கே இந்தப் பாடு என்றால் ஐந்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: எந்தப் பிரதியில் பார்ப்பது? 1968-இல் தமிழில் அகலத்திரை கிடையாது. முதல் தமிழ் சினிமாஸ்கோப் 1973-இல் வந்த ராஜராஜ சோழன், அதை எடுத்ததும் தில்லானா மோகனாம்பாளின் இயக்குநர் ஏ.பி. நாகராஜன்தான், அதன் கதையும் தஞ்சாவூர்தான். ஆகவே 1968-இன் எந்தப் படமும் நான்குக்கு மூன்று சட்டத்தில் இருக்க வேண்டும், டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பு தெரிய வேண்டும். திரை நிறைய வந்தால் ஏதோ தப்பு. இழுத்து அகலமாக்கியிருந்தால் ஆட்கள் குட்டையாகத் தெரிவார்கள். மேலும் கீழும் வெட்டியிருந்தால் உயரத்தில் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம். தில்லானா மோகனாம்பாளில் அந்தக் கால் பங்கு எது தெரியுமா? பத்மினியின் பாதம். நாயனத்தின் கீழ்ப்பகுதி. ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டைப் பாதம் இல்லாமல் பார்ப்பதற்கு வானொலியிலேயே கேட்டுவிடலாம்.

இன்னொன்று வேகம். படம் விநாடிக்கு 24 சட்டம். சில பழைய டேப் பிரதிகள் 25-ஆக ஓடும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடியும், சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். நாயனம் கீச்சென்று கேட்டால் சீவாளியைக் குறை சொல்லாதீர்கள். சுருதிப்பெட்டி ஒன்றை வைத்து, இரண்டு பிரதிகளில் ‘நலந்தானா’ பாட்டின் ஆதார ஷட்ஜத்தை (அடிப்படை ஸ்வரமான ‘ஸ’வை) ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இந்த வருடத்தைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தில்லானா மோகனாம்பாளில் சிங்கபுரம் மைனர் வருகிறார், மதன்பூர் மகாராஜா வருகிறார், பணக்காரர்களின் ஆசையைக் கலைஞர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நாகராஜன் கூர்மையாகவே காட்டுகிறார். அந்த மைனர்களின் வயலில் இறங்கியவர்கள் படத்தில் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, சிக்கல் இருக்கிற அதே அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தமிழ்த் திரை அந்தப் பக்கம் திரும்பப் பல வருடங்கள் ஆயின. கும்பகோணத்துக்காரரான இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் எடுத்த கண் சிவந்தால் மண் சிவக்கும் 1983-இல்தான் வந்தது. அதை 1968 பட்டியலில் சேர்க்க முடியாது. தில்லானா மோகனாம்பாள் பார்த்த மறுநாள் அதையும் பாருங்கள். இரண்டும் ஒரே மண்.