அப்பாவை எங்கே சாப்பிடக் கூட்டிப் போவது?

மூன்று வருடத்துக்கு முன்னால், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரத்தில் இருந்து சென்னை வந்திருந்தார்கள். ஒரு வாரம் போனில் தேடி, ரேட்டிங் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து, மொட்டைமாடியில் இருக்கும் ஒரு ரெஸ்டாரண்டில் டேபிள் பதிவு செய்தேன். லிஃப்ட் நாலாவது மாடியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் குறுகலான இரும்புப் படி. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறிப் போனால் சாய்மானம் இல்லாத உயரமான ஸ்டூல், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காத அளவுக்குப் பாட்டு, மெனு அட்டையைப் படிக்க முடியாத மங்கல் வெளிச்சம். "எம்மா, நீ சொல்லுதது ஒண்ணும் காதுல விழ மாட்டேங்கு" என்றார் அப்பா. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்கிறவர், எட்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பாடு வந்தது ஒன்பதே கால். வீட்டுக்கு வந்ததும் அம்மா தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள்.

அந்த ஓட்டல் மேல் எனக்குக் கோபமில்லை. வயசுப் பிள்ளைகள் கூட்டமாகப் போய் உட்கார அருமையான இடம். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று நான்தான் யோசிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலை திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதியைச் சேவித்துவிட்டு ரத்னா கஃபேக்குப் போனோம். 1948-ல் தொடங்கிய கடை. தட்டில் இட்லி வைத்து, அது முங்கும்வரை சாம்பார் ஊற்றினார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஊற்றச் சொல்லி ஜாடை காட்டினார்.

வெளியே வந்து காரில் ஏறும்போதுதான் கேட்டார்: "மவுண்ட் ரோட்டுல புகாரின்னு ஒரு ஓட்டல், இன்னும் இருக்கா?" 1975-ல் ஒரு இன்டர்வியூவுக்கு மெட்ராஸ் வந்தபோது அங்கே ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தாராம். எதிரே இருந்தவர் பிரியாணி சாப்பிட்டாராம். இவர் கையில் ஊர் திரும்பும் காசுதான் இருந்திருக்கிறது. எனக்கு நாற்பது வயது. இந்தக் கதையை அன்றுதான் முதல்முறை கேட்கிறேன். புகாரி 1951-ல் ஆரம்பித்தது, அப்பாவைவிட ஒன்றிரண்டு வயது மூத்தது. அன்று மதியம் அங்கே போய் பிரியாணியும், அந்தக் கடையே 1965-ல் அறிமுகம் செய்ததாகச் சொல்லும் சிக்கன் 65-ம் சாப்பிட்டோம். அவர் பிறந்தநாள் சாப்பாடு அதுதான்.

ஒரு வாரம் தேடியதற்குப் பதில் அப்பாவிடம் ஒரு போன் பேசியிருக்கலாம்.

இப்போது விசேஷம் என்றால் முதலில் அவர்களைத்தான் கேட்கிறேன். அப்புறம், நாள் குறிப்பதற்கு முன்னால் சாதாரணக் கிழமை ஒன்றில் அந்தக் கடைக்கு நானே ஒரு நடை போய் வருகிறேன். படி எத்தனை, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை மதியம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த கூட்டம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்குமா என்பதையெல்லாம் எந்த நட்சத்திரமும் சொல்லாது.

கேக் விஷயமும் இப்படித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஃப்ரெஷ் க்ரீம் கேக் அழகாகத்தான் இருக்கும். மே மாதம் வேப்பேரியில் வாங்கி தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். வெகுதூரம் போவதாக இருந்தால் பட்டர் க்ரீமோ, க்ரீமே இல்லாத ப்ளம் கேக்கோதான் தாங்கும். ப்ளம் கேக் என்றால் பழங்களை ரம்மில் ஊறப்போட்டார்களா, ஜூஸிலா என்று கேட்டுவிடுங்கள். முட்டையையும் ரம்மையும் தொடாதவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் கொடுப்பது துரோகம் என்றே நினைக்கிறேன். 1885-ல் இருந்து நடக்கும் ஸ்மித் ஃபீல்ட், 1903-ல் தொடங்கிய மெக்ரெனட் மாதிரி பழைய பேக்கரிகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஒருவர் வீட்டுக்குப் போகும்போதும் அதே கேள்விதான். சர்க்கரை வியாதி இருக்கிற வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு எதற்கு? அரைக் கிலோ உப்பு பிஸ்கட், நல்ல ரொட்டி போதும். பஃப்ஸ் வாங்கினால் சூடாக இருக்கும்போதே பெட்டியை மூடாதீர்கள். ஆவி இறங்கி நமுத்துப் போகும்.

வரும் டிசம்பரில் இருவரும் மறுபடி வருகிறார்கள். இந்த முறை அம்மாவின் முறை. "கபாலி கோயில் பக்கத்துல ரோஸ் மில்க் கடை இருக்காமே" என்றாள். காளத்தி கடையைத்தான் சொல்கிறாள். அங்கே நின்றுதான் குடிக்க வேண்டும். மடக்கு நாற்காலி ஒன்றை இப்போதே வாங்கி கார் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.