படம் போடுங்கள், வாசலில் புத்தகத்தையும் வையுங்கள்

"நூலகத்தில் எதற்குப் படம் போடுகிறீர்கள், அது என்ன தியேட்டரா?" என்று எங்கள் வாசகர் வட்டக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டிருந்தார். கோபமாகத்தான் கேட்டார். பாதி சரி என்று எனக்குப் பட்டது. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

கிளை நூலகத்துக்கு இன்று யார் வருகிறார்கள்? காலையில் பேப்பர் படிக்க ஓய்வுபெற்றவர்கள். அப்புறம் பகல் முழுக்க டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள். இரண்டு கூட்டமும் கதைப் புத்தக அலமாரிப் பக்கம் அதிகம் போவதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. குரூப் 4 எழுதப்போகும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்காத மேசையும் ஃபேனும் அமைதியும் இங்கே கிடைக்கிறதென்றால் அதுவே பெரிய காரியம். ஆனால் அந்த அலமாரியிலிருந்து ஒரு நாவலை உருவி, உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை 2011, 2014 என்று நிற்கும். சிலதில் ஒரு முத்திரைகூட இருக்காது. வாங்கினார்கள், எண் போட்டார்கள், அடுக்கினார்கள், அதோடு சரி.

'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது. சீர்காழிக்காரர். ஆகஸ்ட் 12, அவர் பிறந்தநாளை நூலகர் தினமாகக் கொண்டாடி மாலை போடுகிறோம். அவர் சொன்னதைத்தான் விட்டுவிட்டோம். புத்தகம் தானாக எழுந்து ஆளைத் தேடிப் போகாது, யாராவது கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அதே 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். இப்போது 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். அதிலும் என்ன புத்தகம் கொடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நூலகத்தில் படம் போடுவது எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் போர்வை கட்டி, புரொஜெக்டர் வைத்து, ஒழுங்காக அனுமதி வாங்கி 'அசுரன்' போடுகிறீர்கள் என்று வையுங்கள். நூலகத்துக்குள் கால் வைக்காத பையன்கள் வருவார்கள். படம் முடிந்ததும் கைதட்டி, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரியவர் கேட்டது இதைத்தான், இந்த அளவில் அவர் சொல்வது நியாயம். ஆனால் வாசலில் ஒரு மேசை போட்டு, அந்தப் படத்துக்கு மூலமான பூமணியின் 'வெக்கை' நாவல் இரண்டு பிரதி வைத்து, அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டில் "படத்தில் அப்பாதான் ஹீரோ. நாவல் முழுக்க அந்தப் பையன் சிதம்பரத்தோடு போகிறது. படத்தில் வரும் பிளாஷ்பேக்கைத் தேடாதீர்கள்" என்று எழுதியிருந்தால்? பத்துப் பேர் எடுத்துப் புரட்டுவார்கள், ஒருவன் உறுப்பினர் அட்டைக்கு என்ன வேண்டும் என்று கேட்பான். எனக்கு அந்த ஒருவன் போதும்.

இப்படிப் போட நம்மிடம் பஞ்சமே இல்லை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' போட்டால் பக்கத்தில் அதற்கு மூலமான புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' வைக்கலாம். சின்னக் கதை, ஒரு மாலையில் முடிந்துவிடும். எவ்வளவு தூரம் அந்தக் கதையை விட்டு விலகிப் போய்ப் படம் எடுத்திருக்கிறார் என்று பார்த்தாலே ஒரு மணி நேரம் பேசலாம். 'பொன்னியின் செல்வன்' பார்த்துவிட்டு வருபவரிடம் ஐந்து பாகத்தையும் தூக்கிக் கொடுத்துப் பயமுறுத்தாதீர்கள். முதல் பாகம் மட்டும் கொடுங்கள், மற்றதற்கு அவரே திரும்பி வருவார்.

பரிந்துரை என்றதும் 'கட்டாயம் படிக்க வேண்டிய 100 நூல்கள்' என்று ஒரு பிளெக்ஸ் அடித்து மாட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்து யாராவது ஒரு புத்தகம் எடுத்து நான் பார்த்ததில்லை. நூறும் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் யார் சொல்கிறார், எதற்காக, எனக்கு எதற்கு என்பது அதில் கிடையாது. நூலகர் எழுதிய இரண்டு வரி, கீழே "மளிகைக் கடை அண்ணன் படித்து முடித்தது" என்று ஒரு குறிப்பு, இதற்கு இருக்கிற மரியாதையே வேறு. போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கும் எழுதலாம்: "பாடத்திட்டத்தில் இவர் பெயர் இருக்கிறது, இவருடைய ஒரு கதையைப் படித்தால் மறக்காது."

கூட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டட்டும். நவம்பர் 14 தொடங்கித் தேசிய நூலக வாரம் வருகிறது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. நூலைப் பற்றிப் பேச வந்தவருக்கு மைக் கிடைக்கும்போது பாதிப் பேர் சாப்பிடக் கிளம்பியிருப்பார்கள். பொன்னாடை வாங்கும் காசில் 'வெக்கை' இன்னும் நாலு பிரதி வாங்கலாம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் 'பொன்மாலைப் பொழுது' என்று ஓர் எழுத்தாளரையோ கலைஞரையோ உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். விருந்தினர் பேச்சுத்தான் அதில் பிரதானம். அவ்வளவு பெரிய அரங்கம் நமக்கு வேண்டாம், இருபது பிளாஸ்டிக் நாற்காலி போதும்.

நூலகர் இதையெல்லாம் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல கிளை நூலகங்களில் ஒரே ஆள்தான். கதவைத் திறப்பதும் அவர், பேப்பர் அடுக்குவதும் அவர், பதிவேடு எழுதுவதும் அவர், ஆபீஸுக்கு அறிக்கை அனுப்புவதும் அவர். இது வாசகர் வட்டத்தின் வேலை. நாம் ஓசியிலும் கேட்கவில்லை. 1948-இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்தே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, இப்போது சொத்து வரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள். காசு கட்டிவிட்டு உள்ளே போகாமல் இருக்கிறோம்.

பெரியவருக்கு ஒன்று. படம் போடுவதற்கு நானும் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: யாரோ ஒருவருடைய ஓடிடி கணக்கைப் புரொஜெக்டரில் சொருகிப் போடக் கூடாது. அந்தக் கணக்கு வீட்டில் பார்ப்பதற்கு. தயாரிப்பாளரிடம் ஒரு கடிதம் கேட்கலாம், நூலகத்துக்கு என்றால் பலர் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். கிடைக்கவில்லையா, உள்ளூர்ப் பையன்கள் எடுத்த குறும்படத்தை அவர்களையே கூப்பிட்டுப் போடுவோம்.

அடுத்த கோடை விடுமுறையில் சிறுவர் படம் ஒன்று போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மேசையில் வைக்கப் புத்தகம் வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன், கிரிக்கெட்டும் போனும் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. அவன் கையில் எதைக் கொடுப்பீர்கள்? ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அதைத்தான் சீட்டில் எழுதி ஒட்டப்போகிறோம்.