பதக்கத்தில் 1919 என்றிருப்பது போலிக்கு அடையாளமல்ல

மேலூர்ப் பக்கம் பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த தாத்தாவின் போர்ப் பதக்கம் போலியானது, ஏனெனில் முதல் உலகப் போர் 1918-லேயே முடிந்துவிட்டது, பதக்கத்திலோ 1914–1919 என்றிருக்கிறது என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள்.

ஐயா, அந்த ஆண்டு சரியானதே. 1918 நவம்பர் 11-இல் நடந்தது போர்நிறுத்தம். ஜெர்மனியுடனான வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28-இல்தான். நம் சிப்பாய்களில் பலர் போர்நிறுத்தத்துக்குப் பிறகும் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பணியில் இருந்தார்கள். வெற்றிப் பதக்கம் எனப்படும் அந்த வெண்கலப் பதக்கத்தின் முன்பக்கம் சிறகுள்ள பெண் உருவம் இருக்கும். பின்பக்கம் 1914–1919 என்றுதான் பொறிக்கப்பட்டது. உடன் வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தில் 1914, 1918 என்றிருப்பதால் குழப்பம் வருவது இயல்பே.

சரிபார்ப்பது எளிது. போர் அருங்காட்சியகம் ஒன்றின் இணையத் தொகுப்பில் வெற்றிப் பதக்கத்தின் பின்பக்கப் படத்தைப் பாருங்கள். அசலா என்று அறிய ஆண்டை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள்: சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் பதிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி போதும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த எழுத்துகள் மழுங்கிவிடும். கடல் கடந்து போன அந்த மனிதரின் பெயர் வீட்டில் மிஞ்சியிருப்பது ஒருவேளை அந்த விளிம்பில் மட்டும்தான்.

பழைய இரும்புக் கடையில் போட்டுவிடச் சொன்ன நண்பர், அந்த ஆலோசனையைத் திரும்பப் பெற வேண்டுகிறேன்.