ஜோசே ஃபோன்ட்டின் பக்கத்தில் நின்றவர்கள்

போர்ச்சுகல் கால்பந்து அணியின் தடுப்பாட்டம் என்று பேச்சு வந்தாலே மூன்று பெயர்கள் உடனே வந்து விழும். ரிக்கார்டோ கர்வால்யோ, பெப்பே, ரூபன் டியாஸ். மூவரைப் பற்றியும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான்காவதாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லித்தான் நண்பர்களிடம் பல வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜோசே ஃபோன்ட். பெயரைச் சொன்னால் பாதிப் பேர் யோசிக்கிறார்கள். மீதிப் பேர் "சவுத்தாம்ப்டன்ல இருந்தாரே, அவரா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இன்று உட்கார்ந்து எழுதியே விடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில தடுப்பாட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்கிறேன். டேஜன் லோவ்ரன்: இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கிளப்பில் ஒரே சீசன், 2014-ல் லிவர்பூல் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த சீசன் அதே இடத்துக்குக் கடனாக வந்த டோபி ஆல்டர்வைரல்ட், 2015-ல் டாட்டன்ஹாமுக்குப் போனார். அவருக்குப் பின் வந்தவர் வர்ஜில் வான் டைக். 2018 ஜனவரியில் லிவர்பூல் அவருக்குக் கொடுத்த விலை 7.5 கோடி பவுண்டு. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பிறகு பிரான்ஸில் லில் அணி. கேப்ரியல் மகல்யாய்ஸ் அங்கிருந்து 2020-ல் ஆர்சனலுக்கு, ஸ்வென் பாட்மன் 2022-ல் நியூகாசிலுக்கு. பதினாறு வயதில் லில்லின் முதல் அணிக்கு ஆட வந்த லெனி யோரோ, 2024-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு.

இந்த ஆறு பேரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்தவர்கள், வேறு வேறு குணம். ஆறு பேரும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அவர்களோடு ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக, நின்ற ஆள் ஒருவர்தான். ஃபோன்ட்.

அவர்தான் இவர்களை உருவாக்கினார் என்று நான் சொல்லவில்லை. வான் டைக்கின் உயரமும் வேகமும் அவர் கூடவே பிறந்தவை. கேப்ரியலின் தலைமுட்டு அவருடைய சொந்த உழைப்பு. ஆனால் இத்தனை பேருக்கும் ஒரே ஆள் பக்கத்தில் நின்றதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

காரணம் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் நானும் ஸ்டாப்பராக ஆடியவன். அந்த இடம் ஒற்றை ஆளுக்கானது இல்லை, ஜோடிக்கானது. எதிரணியின் ஃபார்வர்டு வந்து பந்தை வாங்கும்போது ஒருவன் மேலேறி முட்ட வேண்டும், மற்றவன் இரண்டு அடி பின்வாங்கி அவன் விட்ட இடத்தை மூட வேண்டும். யார் போவது, யார் நிற்பது என்பதை அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். என்னோடு ஆடியவன் ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டுச் சொல்வான்: "நீ போ, நான் இருக்கேன்." அந்த "நான் இருக்கேன்" காதில் விழுந்துவிட்டால் போதும், பயமில்லாமல் பாய்ந்துவிடலாம். பந்தை எடுத்துவிட்டால் கைதட்டல் பாய்ந்தவனுக்கு. பின்னால் நின்றவனை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவன் ஊரை விட்டுப் போன பிறகு வேறொருவனோடு ஆடியபோதுதான், நான் நல்ல ஆட்டக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்ததில் பாதி அவனுடையது என்று தெரிந்தது.

ஃபோன்ட் ஆடுவதைப் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். கை சும்மா இருக்காது. பந்து எதிரணியின் பாதியில் இருக்கும்போதே இடது கையை நீட்டி ஒருவரை உள்ளே இழுப்பார், வலது கையால் இன்னொருவரை மேலே தள்ளுவார். தலை திரும்பிக்கொண்டே இருக்கும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று. வேகம் அவருக்கு எப்போதுமே குறைவு. அதனால் ஓட்டப் பந்தயம் வரவே கூடாது என்று முன்கூட்டியே வேலை பார்த்துவைப்பார்.

இந்த மனிதர் இந்த இடத்துக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் பெனாஃபியலில் பிறந்தவர். ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர், ஆனால் முதல் அணிக்குள் நுழைய முடியவில்லை. ஃபெல்கெய்ராஸ், விட்டோரியா செட்டுபல் என்று சுற்றி பென்ஃபிகாவுக்குப் போனார். அங்கே ஒப்பந்தம் மட்டும்தான் இருந்தது, ஆட்டம் இல்லை. பாசோஸ் டி ஃபெரெய்ராவுக்கும் எஸ்ட்ரெலா டா அமடோராவுக்கும் கடனாக அனுப்பினார்கள். இருபத்து மூன்று வயதில் இங்கிலாந்தின் இரண்டாவது டிவிஷனுக்கு, கிரிஸ்டல் பேலஸுக்கு வந்தார்.

2010 ஜனவரியில் அவர் எடுத்த முடிவுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பேலஸிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குப் போனார், அதாவது இரண்டாவது டிவிஷனிலிருந்து மூன்றாவதுக்கு. சவுத்தாம்ப்டன் முந்தைய வருடம் கடனில் திவாலாகும் நிலைக்குப் போய், அந்த சீசனைப் பத்துப் புள்ளிகள் கழிக்கப்பட்டுத் தொடங்கிய கிளப். விலை சுமார் 12 லட்சம் பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது. இருபத்தாறு வயது ஆள், தேசிய அணிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர், மேலே ஏற வேண்டிய வயதில் ஒரு படி கீழே இறங்கினார். கூட இருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியும்.

2011-ல் இரண்டாவது டிவிஷன், 2012-ல் முதல் டிவிஷனான பிரீமியர் லீக். அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு படி. பிறகு 2014 கோடையில் அந்த அணியைப் பிரித்து விற்றார்கள். லல்லானா, லாம்பர்ட், லோவ்ரன் லிவர்பூலுக்கு, லூக் ஷா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, சேம்பர்ஸ் ஆர்சனலுக்கு. பயிற்சியாளர் பொச்செட்டினோகூட டாட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். இந்த வருடம் இவர்கள் கீழே போவது உறுதி என்று பலரும் எழுதினார்கள். புதுப் பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் கேப்டன் பட்டையை ஃபோன்ட் கையில் கட்டினார்.

அந்த 2014-15 சீசனின் கணக்கைப் பாருங்கள். 38 ஆட்டங்களில் சவுத்தாம்ப்டன் வாங்கிய கோல்கள் 33. அதைவிடக் குறைவாக வாங்கியது சாம்பியனான செல்சி மட்டுமே, 32. ஆர்சனல், இரண்டு மான்செஸ்டர் அணிகள் எல்லாம் இவர்களுக்குப் பின்னால். பாதி வீட்டை விற்றுவிட்ட ஒரு கிளப் ஏழாவது இடத்தில் முடித்தது. அடுத்த வருடம் ஆறாவது.

இத்தனைக்குப் பிறகுதான் போர்ச்சுகல் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2014 உலகக் கோப்பைக்கு அழைப்பு வரவில்லை. அந்த செப்டம்பரில் அல்பேனியாவிடம் தோற்ற பிறகு பயிற்சியாளர் மாறினார், ஃபெர்னாண்டோ சாந்தோஸ் வந்தார். நவம்பர் 18, ஓல்ட் டிராஃபோர்டில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஃபோன்ட்டின் முதல் ஆட்டம். முப்பத்தொன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. பெரும்பாலானவர்கள் தேசிய அணிக்கு வணக்கம் போட்டுவிட்டுப் போவதைப் பற்றி யோசிக்கும் வயது அது.

இப்போது 2016 யூரோ, ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை. அந்தத் தொடரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ரொனால்டோவின் முழங்காலையும் எடெரின் கோலையும் சொல்கிறார்கள். எனக்கு வேறொன்று நினைவில் நிற்கிறது. குரூப் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் பெப்பேக்குப் பக்கத்தில் நின்றவர் 38 வயது கர்வால்யோ. நான் உயிராகப் பார்த்த ஆட்டக்காரர் அவர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஹங்கேரிக்கு எதிராக 3-3. மூன்று தடவை பின்தங்கி மூன்று தடவை எட்டிப்பிடித்தார்கள். மயிரிழையில் தப்பினார்கள். அடுத்த ஆட்டத்தில் சாந்தோஸ் கர்வால்யோவை உட்காரவைத்துவிட்டு ஃபோன்ட்டை இறக்கினார்.

குரோஷியா 120 நிமிடம், போலந்து 120 நிமிடம், வேல்ஸ் 90 நிமிடம், பிரான்ஸ் 120 நிமிடம். ஆக மொத்தம் 450 நிமிடம், போர்ச்சுகல் வாங்கியது ஒரே கோல். போலந்து ஆட்டத்தின் இரண்டாவது நிமிடத்தில் லெவன்டாவ்ஸ்கி அடித்தது. அந்த 450 நிமிடமும் ஃபோன்ட் மைதானத்தில் இருந்தார். அரையிறுதிக்குப் பெப்பே காயத்தால் ஆடவில்லை, புருனோ ஆல்வெஸ் வந்தார். பக்கத்து ஆள் மாறினாலும் கோல் விழவில்லை.

இறுதிப் போட்டி நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டேடியம் முழுக்கப் பூச்சிகள். 25-வது நிமிடத்தில் ரொனால்டோவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனபோது, அழுதுகொண்டிருந்த அவர் முகத்திலேயே ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு போர்ச்சுகல் அடித்து ஜெயிக்கும் என்று நான் நம்பவில்லை. கோல் வாங்காமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி. 92-வது நிமிடத்தில் பிரான்ஸின் ஜின்யாக் பெப்பேயை ஒரு திருப்பில் உட்காரவைத்துவிட்டு அடித்தார். பந்து கம்பத்தில் பட்டுக் கோல் கோட்டுக்கு முன்னால் குறுக்கே உருண்டு போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். 109-வது நிமிடத்தில் எடெர் தூரத்திலிருந்து அடித்தது உள்ளே போனபோது கத்தியேவிட்டேன், அம்மா எழுந்து வந்துவிட்டார். நானோ இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறதே என்று பதறிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினோரு நிமிடமும் நான் பார்த்தது இரண்டு ஸ்டாப்பர்களை மட்டும்தான்.

குறையே இல்லாத ஆள் என்று எழுதினால் அது பொய். 2017 ஜனவரியில் வெஸ்ட் ஹாமுக்குப் போனார், 80 லட்சம் பவுண்டு. முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் சிட்டியிடம் 0-4. பெனால்டி கொடுத்ததும் அவர்தான். அவர் விட்டுவந்த சவுத்தாம்ப்டனோ அடுத்த மாதமே வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதிப் போட்டி ஆடியது. ஏழு வருடம் கட்டிக்காத்த அணி இறுதிக்கு வந்த நாளில் அவர் அங்கே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு வருடத்தில் சீனாவின் டாலியான் அணிக்குப் போனார். அதோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஆனால் 2018 கோடையில் லில் கூப்பிட்டது. முந்தைய சீசனில் பதினேழாவது இடத்தில் முடித்துக் கீழே விழாமல் தப்பிய அணி. முழுக்க இளைஞர்கள். அவர்களுக்கு நடுவே முப்பத்து நான்கு வயதில் இவர். அவர் வந்த சீசனிலேயே லில் இரண்டாவது இடம். 2020-21-ல் சாம்பியன். லில் 83 புள்ளிகள், பாரிஸின் பி.எஸ்.ஜி. அணி 82. நெய்மரும் எம்பாப்பேயும் இருந்த அணியை ஒரே ஒரு புள்ளியில் தாண்டினார்கள். 38 ஆட்டங்களில் வாங்கியது 23 கோல்தான், அந்த லீக்கிலேயே குறைவு. கோல்கீப்பர் மைக் மெய்ன்யானுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கேப்டன் ஃபோன்ட், வயது 37. பக்கத்தில் பாட்மன், வயது 21. பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பி பிராகா அணியில் ஆடினார், 39 வயதில் சாம்பியன்ஸ் லீக் உட்பட. அதற்கப்புறமும் நிறுத்தவில்லை, அங்கேயே காசா பியா என்ற அணிக்குப் போனார்.

பெப்பேயா ஃபோன்ட்டா என்று கேட்டால் பெப்பே என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒரு இருபது வயதுப் பையனை ஸ்டாப்பராக இறக்க வேண்டும், பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று கேட்டால் யோசிக்காமல் ஃபோன்ட் என்பேன். இந்த இரண்டாவது கேள்வியை நாம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். கோல் எண்ணிக்கை இருக்கிறது, விலை இருக்கிறது, விருது இருக்கிறது. பக்கத்தில் நின்றதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

கடைசியாக ஒரு ஆட்டம். 2019 ஜூன் 9, போர்ட்டோவின் டிராகாவ் ஸ்டேடியம், ஐரோப்பிய நாடுகளுக்கான நேஷன்ஸ் லீக் இறுதி. போர்ச்சுகலும் நெதர்லாந்தும். அரையிறுதியில் பெப்பே காயப்பட்டதால் 35 வயது ஃபோன்ட் உள்ளே வந்தார். பக்கத்தில் 22 வயது ரூபன் டியாஸ். எதிரணியின் கேப்டன் யார் தெரியுமா? வான் டைக். எட்டு நாளைக்கு முன்புதான் மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியவர். முன்பு தன்னோடு நின்றவர் எதிரே, இப்போது நிற்பவர் பக்கத்தில். கொன்சாலோ கெடெஸ் அடித்த ஒரே கோலில் போர்ச்சுகல் வென்றது. நெதர்லாந்தால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. ஆட்ட நாயகன் விருதை அறிவித்தார்கள், ரூபன் டியாஸ்.