வணிக ஆங்கிலத்தில் எந்தச் சொற்களை முதலில் படிக்க வேண்டும்?

வணிக ஆங்கிலம் கற்றுத்தருகிறோம் என்று வரும் பட்டியல்களைப் பார்த்திருப்பீர்கள். சினர்ஜி (சேர்ந்து செயல்படுவதால் வரும் கூடுதல் பலன்), லெவரேஜ், சர்க்கிள் பேக், டச் பேஸ், லோ ஹேங்கிங் ஃப்ரூட் என்று அலுவலகப் பகட்டுச் சொற்களாக இருக்கும். இவற்றை மனப்பாடம் செய்துவிட்டால் மீட்டிங்கில் கம்பீரமாகப் பேசலாம் என்று சொல்கிறார்கள். எனக்கு இதில் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் இந்தச் சொற்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இதெல்லாம் வாயில் வரவில்லையே என்று கலங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களிடமே ஓர் இன்வாய்ஸை, அதாவது விற்றதற்குப் பணம் கேட்கும் பில்லை, கொடுத்து, 'அவுட்ஸ்டாண்டிங்' என்று போட்டிருக்கிறதே, அந்தத் தொகை என்ன என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்தச் சொல்லுக்கு 'மிகச் சிறப்பான' என்ற பொருளை மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கட்டப்படாமல் நிற்கும் பாக்கி என்று யாரும் சொல்லவில்லை.

பணம், தேதி, பொறுப்பு. இந்த மூன்றையும் முடிவு செய்கிற சொற்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு தானாக வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

எத்தனை சொற்கள் தேவை என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1930-இல் சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 850 சொற்களைக் கொண்டு 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றை உருவாக்கினார். பேசிக் (BASIC) என்ற சுருக்கத்தில் உள்ள ஐந்து ஆங்கில எழுத்துகளில் கடைசியான C 'கமர்ஷியல்' என்பதைக் குறிக்கிறது. வணிகத் தேவை அன்றைக்கே கணக்கில் இருந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் பிரவுன், கலிகன் போன்ற ஆய்வாளர்கள் மக்கள் உண்மையில் பயன்படுத்தும் ஆங்கிலத்தின் பெரும் தொகுப்புகளை அலசி, பொது ஆங்கிலத்துக்குச் சுமார் 2,800 சொற்களும் அதற்கு மேல் வணிகத்துக்குச் சுமார் 1,700 சொற்களும் கொண்ட பட்டியல்களைத் தந்திருக்கிறார்கள். வணிக எழுத்துகளில் வரும் சொற்களில் மிகப் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. எவரும் எட்டக்கூடிய அளவுதான் இது. ஆனால் அகர வரிசையில் படித்தால் மனதில் நிற்காது. ஒரு வியாபாரம் எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையில் படிக்க வேண்டும்.

முதலில் வாங்குபவர் விசாரிக்கிறார், அது என்கொயரி. விற்பவர் விலை சொல்கிறார், அது கொட்டேஷன். பிறகு வாங்குபவர் தரும் பர்சேஸ் ஆர்டர், அதை ஏற்றதாக விற்பவர் சொல்லும் ஆர்டர் கன்ஃபர்மேஷன், சரக்கோடு வரும் டெலிவரி நோட், இன்வாய்ஸ், பணம் வராவிட்டால் ரிமைண்டர், வந்தால் ரிசீப்ட். இந்தக் காகிதங்களின் மாதிரிகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தால், ஒவ்வொரு சொல்லும் யார் யாரிடம் எதற்காகச் சொல்வது என்பதோடு சேர்ந்தே பதியும்.

இங்கே சில ஜோடிகளைக் கவனித்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'எஸ்டிமேட்' என்பது உத்தேச விலை. கொட்டேஷன் என்பது பொதுவாக, இந்த விலைக்குத் தருகிறேன் என்ற உறுதி. எஸ்டிமேட் என்று எழுத வேண்டிய இடத்தில் கொட்டேஷன் என்று எழுதிவிட்டால், நாளைக்கு மூலப்பொருள் விலை ஏறினாலும் எதிர்த் தரப்பு பழைய விலையைத்தான் கேட்கும், கேட்பதில் நியாயமும் இருக்கும். அதுபோலவே 'அக்னாலெட்ஜ்' என்றால் உங்கள் கடிதம் கிடைத்தது என்பது மட்டும்தான். 'அக்செப்ட்' என்றால் சம்மதம். கிடைத்தது என்ற பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுபவர்கள் நிறைய.

எண்கள் சார்ந்த சொற்களில் 'மார்ஜின்', 'மார்க்-அப்' இரண்டையும் ஒன்றாக நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 100-க்கு வாங்கிய பொருளை 125-க்கு விற்கிறீர்கள். லாபம் 25. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் மார்க்-அப் 25 சதவீதம். விற்ற விலையோடு ஒப்பிட்டால் மார்ஜின் 20 சதவீதம்தான். பேரம் பேசும்போது எதிரில் இருப்பவர் எதைச் சொல்கிறார் என்று தெரியாமல் தலையாட்டினால், ஒவ்வொரு விற்பனையிலும் அந்த வித்தியாசம் கையை விட்டுப் போகும். கிராஸ், நெட் இரண்டும் இதே ரகம்தான். எதையும் கழிக்காத தொகை, கழித்த பிறகு மிஞ்சும் தொகை.

நாட்டுக்கு நாடு பொருள் மாறும் சொற்களும் உண்டு. 'டர்ன்ஓவர்' என்றால் பிரிட்டனில் பெரும்பாலும் மொத்த விற்பனை வருமானம். அமெரிக்கர் ஒருவர் அதைச் சொன்னால், ஊழியர்கள் வேலையை விட்டுப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். 'டேபிள்' என்ற சொல் இன்னும் மோசம். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்யலாம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே விவாதிக்கலாம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் தள்ளிப்போடலாம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்ததை சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார். தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இப்படிக் குழம்பும்போது, கற்பவர்கள் திருப்பிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதில் கூச்சமே வேண்டாம்.

ஆனால் என் பார்வையில் உண்மையான கனம் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. இதை எந்தப் பட்டியலும் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை.

'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள். 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமை வரை. தமிழில் 'குள்', 'வரை' இரண்டையும் நாம் ஒருநாளும் மாற்றிப் போட மாட்டோம், ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் மாறிவிடுகிறது. 'வித்தின் 30 டேஸ்' என்று இருந்தால் எந்த நாளிலிருந்து 30 நாள் என்று தேடுங்கள். இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா? இரண்டுக்கும் இடையே பல வாரங்கள் இருக்கலாம். அப்புறம் 'வில்', 'மே'. சப்ளையர் 'வில் ரீப்ளேஸ்' என்றால் பழுதான பொருளை மாற்றித் தருவார். 'மே ரீப்ளேஸ்' என்றால் அவருக்கு விருப்பம் இருந்தால் தருவார். ஒரே ஒரு துணைவினை உங்கள் உரிமையை அவருடைய கருணையாக மாற்றிவிடுகிறது.

'சப்ஜெக்ட் டு' என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 'சப்ஜெக்ட் டு அப்ரூவல்', 'சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி' என்று வரும் இடங்களில், அதற்கு முன்னால் சொன்ன வாக்குறுதி முழுவதும் அந்த நிபந்தனையைப் பொறுத்தது. ஒப்புதல் வந்தால்தான் உண்டு, இருப்பு இருந்தால்தான் உண்டு. வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் படித்து மகிழ்ந்துவிடக் கூடாது.

வெளிநாட்டு வணிகத்தில் இறங்குபவர்கள் இன்கோடெர்ம்ஸ் படித்தே ஆக வேண்டும். சரக்கு போகும் வழியில் எந்தச் செலவும் ஆபத்தும் விற்பவருடையது, எது வாங்குபவருடையது என்று பிரித்துச் சொல்லும் விதிகள் இவை, சர்வதேச வணிகச் சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்டது. 2020 பதிப்பில் 11 இருக்கின்றன. எல்லாவற்றையும் உடனே படிக்க வேண்டியதில்லை, இரண்டில் தொடங்கலாம். எஃப்.ஓ.பி. (ஃப்ரீ ஆன் போர்டு) என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை செலவும் ஆபத்தும் விற்பவருடையது, அதன் பிறகு வாங்குபவருடையது. சி.ஐ.எஃப். (காஸ்ட், இன்ஷூரன்ஸ், ஃப்ரெய்ட்) என்றால் சேரும் துறைமுகம் வரையிலான கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே கட்டுகிறார். பலர் தடுமாறும் இடம் இதுதான். கட்டணம் அவர் கட்டினாலும், சரக்குக்கு வழியில் சேதம் வந்தால் அந்த ஆபத்து ஏற்றும் துறைமுகத்திலேயே வாங்குபவருக்கு மாறிவிட்டது. இழப்பீட்டுக்கு அவர் காப்பீட்டு நிறுவனத்தைத்தான் அணுக வேண்டும். மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று ஒரு கப்பல் சரக்கின் பொறுப்பை முடிவு செய்கிறது. சினர்ஜி தெரியாமல் போனால் யாருக்கு என்ன இழப்பு?

எளிமையாக எழுதினால் மதிக்க மாட்டார்களே என்று சிலர் கேட்கிறார்கள். 1998-இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் நிறுவன ஆவணங்களை எளிய ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு முன்னுரை தந்தவர் பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட். ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொள்வேன் என்று அதில் சொல்கிறார். அவர்கள் அறிவாளிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் அல்ல, அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அவருடைய அளவுகோல். அவரே அப்படி எழுதியிருக்கும்போது நமக்கு என்ன தயக்கம்?

படிக்கும் முறை பற்றியும் கொஞ்சம். எந்தச் சொல்லையும் தனியாகப் படிக்காதீர்கள், அதன் வினையோடு சேர்த்துப் படியுங்கள். ஆர்டர் என்றால் 'ப்ளேஸ் அன் ஆர்டர்', இன்வாய்ஸ் என்றால் 'இஷ்யூ அன் இன்வாய்ஸ்', கெடு என்றால் 'மீட் எ டெட்லைன்'. வினை தெரியாமல் பெயர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வாக்கியம் அமைக்க முடியாது. பேசும்போது திக்குவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கற்பிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்திலேயே மாணவர் கையில் ஓர் இன்வாய்ஸையும் சிறிய ஒப்பந்தம் ஒன்றையும் கொடுங்கள். யார், யாருக்கு, எவ்வளவு, எப்போதுக்குள், தவறினால் என்ன என்று கேளுங்கள். ஐந்துக்கும் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு மீட்டிங் பேச்சு பெரிய தடையாக இருக்காது.

கற்பவர்கள் இன்றைக்கே ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளலாம்: 'ஜஸ்ட் டு கன்ஃபர்ம், யூ நீட் திஸ் பை தர்ஸ்டே, ரைட்?' தேதியின் இடத்தில் தொகையை வைக்கலாம், அளவை வைக்கலாம், பொறுப்பாளரின் பெயரை வைக்கலாம். போனில் பேசி முடித்ததும் இதையே இரண்டு வரி மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.