“நல்லா இருக்கு”ன்னு சொல்லிட்டுப் போக எனக்கும் தெரியும்

எங்கள் வடிவமைப்பாளர் குழுவில் ஓர் இளைய பிள்ளை செய்த பேனரைப் பற்றி நான் பேசிய குரல் பதிவில் ஒரு துண்டு மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது, அதைக் கேட்டு என்னைத் திட்டுகிறார்கள். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலையில் யாரோ அந்தக் குரல் பதிவை மறுபடியும் பகிர்ந்து, கீழே “தோட்டத்தை விட்டு வந்தாலும் மண்டோர் புத்தி போகாது” என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை. மண்டோர் என்றால் ரப்பர் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளர்.

நீங்கள் எல்லாரும் கேட்டது 22 வினாடி. நான் அந்தப் பிள்ளையிடம் பேசியது 14 நிமிடம். “இதுல எந்த ஸ்கூல், எந்த நாள், யாருக்குப் போன் அடிக்கணும், ஒண்ணுமே தெரியலை. இதை அச்சுக்கு அனுப்ப முடியாது, முதல்ல இருந்து போடு” என்று சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தாக உட்கார்ந்து காட்டியதை வெட்டிவிட்டு இதை மட்டும் ஊருக்கு அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். கேட்கப் போவதில்லை.

அது தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பதிவுக்கான பேனர். 20 அடிக்கு 6 அடி. ஈப்போவில் இருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில், நம் சுங்கை சிப்புட் சந்திக்கு முன்னால் தொங்கப் போகிறது. அதை யார் பார்ப்பார்கள்? காலை ஆறரைக்கு மோட்டாரில் வேலைக்கு ஓடுகிற அப்பா, அம்மா. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். அவர்கள் கண் அந்தப் பேனரில் மூன்று வினாடி நின்றாலே அதிகம். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம், இது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. 100 அடியில் வருகிறவர் சுகமாகப் படிக்க எழுத்து 10 அங்குலம் வேண்டும். அதில் போன் நம்பர் 2 அங்குலம் இருந்தது. ஒய்பியின், அதாவது நம் தொகுதி மக்கள் பிரதிநிதியின், முகம் நாலடி. சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து, அதுவும் திரையில் மட்டும் பளிச்சென்று தெரியும் நீலம், நாலு மையில் அச்சாகும்போது மங்கி ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். எட்டு வகை எழுத்துரு. எல்லாவற்றுக்கும் மேலே, ‘பெற்றோர்’ என்ற சொல்லில் கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று நின்றன.

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்லா இருக்குமா, அனுப்பிடு என்றா?

எனக்கு ஒருவர் அப்படிச் சொன்னார். 2011. நான் தொழிலுக்கு வந்து சில மாதம்தான். வேறொரு கடை, வேறொரு ஊர், பேர் வேண்டாம். தோட்டத்தில் இறந்துபோன ஒரு பாட்டிக்குக் கருமக்கிரியை அட்டை, 300 பிரதி. பாட்டியின் பெயர் ‘பெ’ என்று தொடங்கும். யூனிகோடில் அடித்து போட்டோஷாப்பில் ஒட்டினேன். அந்த மென்பொருளில் அப்போது யூனிகோடு தமிழ் உடைந்துவிடும், எனக்கு அது தெரியாது. கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு மேலே இருந்த அண்ணன் திரையைப் பார்த்தார். பார்த்தார் என்று உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றார். புதுப் பிள்ளை, முகம் வாடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, “ஓகேதான்மா, நல்லா இருக்கு, அனுப்பு” என்றார்.

பாட்டியின் மகன் வந்து அட்டைக் கட்டை வாங்கினார். மேல் அட்டையைப் பார்த்தார். பெயருக்கு மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், மறுநாள் காரியம், திருப்பி அடிக்க ஏது நேரம். இரண்டு வாரம் கழித்து எங்கள் சொந்தக்காரர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டையைப் பார்த்தேன். தப்பான கொம்பை அடித்துவிட்டு, ‘ப’வுக்கு முன்னால் நீலப் பேனாவால் ஒரு கொம்பு போட்டிருந்தது. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையிலும் அம்மா பெயரைக் கையால் திருத்தியிருக்கிறார்கள். துக்க வீட்டில்.

அந்த அண்ணன் ரொம்ப நல்லவர். யார் மனதையும் நோகடிக்க மாட்டார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் ஒரு மணி நேரம் அழுதிருப்பேன், அவ்வளவுதான். அவர் சொல்லாமல் விட்டது பதினாலு வருஷத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறது.

மண்டோர் புத்திக்கு வருகிறேன். என் அம்மா 27 வருஷம் பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அதில் கத்தி ஒழுங்காக ஓடாது. எங்கள் தோட்டத்தில் இரண்டு மண்டோர்கள் இருந்தார்கள். ஒருவர் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், எல்லார் முன்னாலும் பேரைச் சொல்லிக் கத்துவார், கூலியில் பிடிப்பார், எந்த மரம், எங்கே காயம் என்று காட்டவே மாட்டார். இன்னொருவர் மரத்தடிக்கே வருவார். வெட்டுக்கோட்டை நகத்தால் தடவி, “இங்கதான் ஆழம் போச்சு பாரு” என்று காட்டி, கத்தியை வாங்கித் தானே ஒரு சீவு சீவிக் காட்டுவார். அவரும் கடுமையாகத்தான் பேசுவார். அம்மா இன்றைக்கும் மரியாதையோடு பேசுவது இவரைப் பற்றி மட்டும்தான். என்னை மண்டோர் என்று சொல்கிறவர்கள் எந்த மண்டோர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று சிலர் அன்பாகவே கேட்டிருக்கிறார்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது நாங்கள் ஆறு பேர் மட்டும் இருக்கும் குழு. புதன்கிழமை தோறும் ஆறு பேர் வேலையும் அங்கே வரும், என் வேலையும் வரும். போன மாதம் நான் செய்த கல்யாண அழைப்பிதழை இந்தப் பேனரைச் செய்த இதே தங்கச்சிதான் “அக்கா, மண்டபத்துப் பேரைத் தேட வேண்டியிருக்கு” என்று சொன்னாள். மாற்றினேன். அந்தப் பதிவை யாரும் வெளியே அனுப்பவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்காது என்கிறார்கள். அவளைக் கேட்டீர்களா?

வாடிக்கையாளர் கேட்டதைத்தானே போட்டாள் என்பதும் சரிதான், முகத்தைப் பெரிதாகப் போடச் சொன்னது அவர்கள்தான். அதைப் பேசிக் குறைக்க வேண்டியது என் வேலை. குறைத்தும் விட்டேன்.

ஆனால் ஒரு கருத்தை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. “சின்ன ஊரு, தோட்டத்து ஜனங்க, ஒரு பேனருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, இதுக்கு இது போதும்.” எழுதியவர் நம் ஆள்தான். போதும், போதும் என்றுதான் நமக்கு எல்லாமே வந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று மலாயாவின் 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. எத்தனையோ தோட்டங்களில் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு கொட்டகை, வாத்தியார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியோ ஆள்களை வேலை வாங்கும் கங்காணியோ. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது போதும் என்று அன்றைக்கு யாரோ நினைத்திருக்கிறார்கள். தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீடும் போதும்தான். இன்றைக்கு அதே தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க வைக்கும் பேனரில் தமிழ் உடைந்து கிடக்கிறது, அதையும் போதும் என்று சொல்கிறீர்கள். இந்த மலேசியாவில்தான் முத்து நெடுமாறன் 1985-இல் கணினியில் தமிழ் வர முரசு செயலியைச் செய்தார். நாம் ஒரு ‘பெற்றோர்’ சரியாக வராததை உட்கார்ந்து திருத்தினால் அது ஆர்ப்பாட்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை. எங்கள் முதலாளி இதைவிட மோசமாகப் பேசுவார். அவரைக் கண்டிப்பானவர், தொழில் தெரிந்தவர் என்கிறார்கள். நான் பேசினால் “அந்த அம்மாவுக்கு வீட்டுல என்ன பிரச்சனையோ” என்று ஒருவர் எழுதுகிறார், அதற்கு நாற்பது பேர் சிரிக்கிறார்கள், அதில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். என் வீட்டில் ஒரு பிரச்சனையும் இல்லை. என் அம்மாவுக்கு மட்டும் அந்தக் கருத்தைக் காட்ட வேண்டாம் என்று என் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கச்சி நேற்று இரவு பதினொன்றரைக்குப் புதுப் பேனரை அனுப்பினாள். எழுத்துரு இரண்டுதான். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. ‘பெற்றோர்’ சரியாக வந்திருந்தது. கீழே, “அக்கா, போன் நம்பர் 7 அங்குலம் வச்சிருக்கேன், போதுமா?” என்று கேட்டிருந்தாள்.

போதாது, இன்னும் மூன்று அங்குலம் கூட்டு என்று பதில் போட்டேன். கூட்டி அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை கட்டுகிறோம்.